முதலில் நிழல்; பிறகே ஊர்தி!

ஓர் ஊரின் தெருக்களை அளந்து பார்த்தால், அவ்வூரார் எதனைப் பொதுவெனக் கொண்டனர் என்பது விளங்கிவிடும். திருவில்லிபுத்தூரில் ஆண்டாள் கோயிலைச் சூழ்ந்த நான்கு தேர்த்தெருக்களும் ஆடிப்பூரத் தேர் தடையின்றி உருண்டு திரும்பும் அளவிற்கு அகன்று கிடக்கின்றன. ஆண்டிற்கு ஒருமுறை ஓடும் ஓர் ஊர்திக்காக ஊரின் நடுவே அத்துணை இடம் விடப்பட்டுள்ளது. அத்தேரைத் தனியொருவர் இழுத்துச் செல்லவும் இயலாது. தம் வீட்டுக் கொட்டிலில் நிறுத்திப் பூட்டிக்கொள்ளவும் இயலாது. ஊரார் ஒருங்கு கூடி வடம் பிடித்தால்தான் அது நகரும். தேர்த்தெருவினின்று பிரியும் தெருக்களோ குறுகியவை. முடுக்கு எனத் தென்பாண்டி மக்கள் வழங்கும் சந்துகள் அவற்றினும் குறுகியவை. எதிரெதிர் வீடுகளின் தாழ்வாரங்கள் நெருங்கி நிற்பதால், அங்கு நடப்பவர் தலைமேல் காலையிலும் மாலையிலும் வெயில் விழாது. நடுவே ஒரு பொது ஊர்தி, சுற்றிலும் நடப்பார்க்கு நிழல் என ஊர் அமைப்பது தமிழர்க்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டிய கலையன்று.

ஆயினும், பழம்பெருமை பேசி அமைவது அறிவுடைமை ஆகாது. அந்நிழலில் குடியிருக்கும் உரிமை எல்லார்க்கும் இருந்ததில்லை. கோயிலை அடுத்துச் சிலர், அவர்க்கப்பால் சிலர், ஊர்க்கு வெளியே சேரியில் பலர் எனப் பிறப்பால் மக்களைக் கூறுபோட்டு அமைத்த ஊர்களே தமிழகமெங்கும் இருந்தன. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் ஒடுக்கப்பட்டோர் நுழைந்ததே 1939இல்தான். ஊர்க்கும் சேரிக்கும் இடையே கிடந்த வெட்டவெளியின் வெயில் முழுதும் உழைப்பவன் பங்காகவே இருந்தது. நிழலைப் படைக்கத் தெரிந்த குமுகாயம் அதனைப் பகிர்ந்துகொள்ளத் தெரியாமற் போயிற்று என்பதே உண்மை.

அக்குறையைக் களைய அண்மைக் காலத்தில் ஒரு முயற்சி நிகழ்ந்தது. இராசபாளையம் நோக்கி வரும் கொல்லம் நெடுஞ்சாலை திருமங்கலத்தில் தொடங்குகிறது. அத்திருமங்கலத்தை அடுத்த மேலக்கோட்டையில், பெரியார் நினைவுச் சமத்துவபுரம் என்னும் பெயரால் 1998இல் முதற் குடியிருப்புத் திறக்கப்பட்டது. நூறு வீடுகள், அவற்றுள் நாற்பது ஆதித்தமிழர்க்கு, எஞ்சியவை பிற வகுப்பார்க்கு, அடுத்தடுத்த வீடுகளில் அனைவரும் கலந்து வாழ்தல் வேண்டும் என்பது ஏற்பாடு. நோக்கத்தில் குறையில்லை. ஆனால், இத்தகு குடியிருப்புகள் பலவும் ஊரின் நடுவிலன்றி, நிலம் மலிவாகக் கிடைத்த ஊர்ப்புறங்களிலேயே எழுந்தன. சென்னையிலோ நிலைமை இன்னும் கொடிது. நகரின் நடுவே கரையோரங்களில் வாழ்ந்த ஏழை மக்களைப் பெயர்த்துக் கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் குடியேற்றினர். வீடு கிடைத்தது, வேலை தொலைவிற் போயிற்று. வீட்டு வேலைக்கும் மீன் விற்பனைக்கும் சென்ற பெண்கள், பேருந்துக்குக் காத்திருப்பதிலேயே நாளின் ஒரு பகுதியை இழந்தனர். வீட்டை மட்டும் கொடுத்து வழியைக் கொடாமல் விடுவது, கிணற்றைக் காட்டிக் கயிற்றை மறைப்பது போல்வதே.

இந்நிலையில்தான் உலகில் ஒரு புதிய ஊர்தி உருண்டு வருகின்றது. ஓட்டுநர் இல்லாமல், ஒளிக்கற்றைக் கருவியாலும் ஒளிப்படக் கருவியாலும் வழியறிந்து, கணிப்பொறியின் ஆணைப்படி ஓடும் ஊர்தி அது. அதனைத் தனித்தனியே வாங்கி நிறுத்தாமல் பலரும் பகிர்ந்து பயன்படுத்தினால், தெருக்கள் விடுபடும், செலவு குறையும், ஏழையும் எளிதில் ஊர் சுற்றி வருவான் என வல்லுநர் பலர் எழுதுகின்றனர். இதில் உண்மை எத்துணை, ஆரவாரம் எத்துணை என்பதை இராசபாளையத்தாரும் திருவில்லிபுத்தூராரும் இன்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். இன்றே என்பதற்குக் கரணியம் உண்டு.

இரண்டு ஊர், ஒரு வாழ்க்கை

இவ்விரண்டு ஊர்களுக்கும் இடைத்தொலைவு ஏறத்தாழ 11 கிலோமீட்டர். 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி இராசபாளைய நகராட்சியில் ஏறத்தாழ 1,30,000 மக்களும், திருவில்லிபுத்தூர் நகராட்சியில் ஏறத்தாழ 75,000 மக்களும் வாழ்ந்தனர். ஆலையும் சந்தையும் அங்கு. கோயிலும் மாவட்ட நீதிமன்றமும் இங்கு. சத்திரப்பட்டியில் காயக்கட்டுத் துணி நெய்வாரும், நூற்பாலைகளில் முறைமாற்றி வேலை பார்க்கும் பெண்களும், பால்கோவாக் கடைகளில் அடுப்படியில் நிற்போரும் நாள்தோறும் இவ்வழியில் வந்துபோகின்றனர். இரண்டு நகராட்சிகளாயினும் வாழ்க்கை ஒன்றே.

இவ்விரண்டையும் இணைக்கும் நெடுஞ்சாலையின் இருமருங்கிலும், அதனின்று பிரியும் ஊர்ச்சாலைகளிலும் தோப்பும் வயலும் மனைப்பிரிவுகளாக மாறி வருகின்றன. கல் நட்டுக் கொடி கட்டி, 'சிட்டி' என்றும் 'கார்டன்' என்றும் 'அவென்யூ' என்றும் ஆங்கிலப் பெயர் சூட்டி விற்கின்றனர். தோட்டத்தை அழித்த இடத்திற்குத் தோட்டம் என்றே அயன்மொழியிற் பெயரிடும் இரங்கத்தக்க நிலை! பெயரைவிடக் கொடியது அதன் அமைப்பு. நேர்நேராகக் கிழித்த அகன்ற வெற்றுச் சாலைகள்; ஒரு மரமில்லை; பேருந்து நிறுத்தம் எங்கோ நெடுஞ்சாலையில். அதனின்று மனைவரை வெயிலில் நடக்க வேண்டும். நடக்கவொண்ணாத மூன்று சென்டு மனையை மலிவென்று வாங்கும் தொழிலாளி, அதற்கடுத்து ஈருருளி ஒன்றையும் தவணையில் வாங்கித் தீரவேண்டியவனாகின்றான். தவணை, எரிநெய், பழுது என அம்மலிவின் உண்மை விலை திங்கள்தோறும் வெளிப்படும். அவன் ஈருருளியில் ஆலைக்குப் போய்விட்டால், வீட்டிலுள்ள மூதாட்டிக்கும் பள்ளிக் குழந்தைக்கும் ஊர்தி இல்லை.

ஒப்புதல் பெறாத மனைப்பிரிவுகளின் மனைகளைப் பதிவு செய்தலாகாது எனச் சென்னை உயர்நீதிமன்றம் 2016இல் தடுத்தது. 2017இல் அவற்றை வரன்முறை செய்யத் தமிழக அரசு விதி வகுத்தது. அதன்பின் ஒழுங்கு ஓரளவு வந்துள்ளது. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. வீட்டை இடித்துக் கட்டலாம். ஊர்தியை விற்று வேறொன்று வாங்கலாம். ஒருமுறை கிழித்த தெருவை மாற்ற நூறாண்டு ஆனாலும் இயலாது. பழைய தெருக்கோடுகள் இன்றுவரை அப்படியே கிடப்பது இதற்குச் சான்று. ஓட்டுநரில்லா ஊர்தி இவ்வூர்களுக்கு எந்த ஆண்டு வரினும் வருக. அது ஓடப்போகும் தெரு இந்த ஆண்டு வரையப்படுகின்றது.

மூன்று ஊர்கள் கற்பிக்கும் பாடம்

இவ்வூர்தி வெப்ப நாடுகளில் ஏற்கெனவே ஓடியுள்ளது. அமெரிக்காவின் அரிசோனாப் பாலையில் உள்ள பீனிக்சு நகரில், வேமோ என்னும் நிறுவனம் 2020 அக்டோபரில் ஓட்டுநரே இல்லாத வாடகை ஊர்திகளைப் பொதுமக்கள்க்குத் திறந்துவிட்டது. வியத்தகு செயல்தான். ஆனால் அதே பீனிக்சில் 2023ஆம் ஆண்டுக் கோடையில் தொடர்ந்து 31 நாள்கள் வெப்பம் 43 பாகை செல்சியசைத் தாண்டியது. அந்நகரம் அடங்கிய மரிகோப்பா மாவட்டத்தில் அவ்வாண்டு வெப்பத்தால் இறந்தோர் 645 பேர். அவர்களுள் வீடற்றோர் மிகப் பலர். ஓட்டுநரில்லா ஊர்தி குளிர்ந்த காற்றோடு கடந்து சென்ற தெருக்களிலேயே நிழலில்லாமல் மாந்தர் மாண்டனர். ஊர்தி எத்துணை அறிவுடையதாயினும் என்ன? ஊர் அறிவுடையதாக இல்லையே!

அபுதாபியை அடுத்து மசுதார் என்னும் நகரை 2006 முதல் திட்டமிட்டுக் கட்டினர். ஆங்கிலக் கட்டடக் கலைஞர் நார்மன் பாசுடரின் நிறுவனம் வரைந்த அமைப்பு அது. குறுகிய நிழல் தெருக்கள், காற்றைக் கீழிறக்கும் கோபுரம் எனப் பழைய அரபு ஊர்களின் அறிவைப் போற்றிக்கொண்டனர், அது பாராட்டத்தக்கது. ஊர் முழுதும் தாமாக ஓடும் சிற்றூர்திகளையும் திட்டமிட்டனர். ஆனால், 2010இல் தொடங்கிய அவ்வூர்தி பயணியர்க்கு இரண்டே நிலையங்களோடு நின்றுவிட்டது. செலவு தாங்கவில்லை. நிழல் நிலைத்தது; ஊர்தி நிலைக்கவில்லை. அந்நகரைக் கட்டிய கூலித் தொழிலாளர்க்கு அங்கே வீடு உண்டா என்பது, வினவ வேண்டாத வினா.

மூன்றாவது ஊர், தமிழை ஆட்சிமொழிகளுள் ஒன்றாகக் கொண்ட சிங்கப்பூர். 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தை நிறுவி, முதலில் நிலத்தையும் வீட்டையும் ஒழுங்கு செய்தனர். இன்று மக்களுள் நான்கில் மூவர்க்கு மேற்பட்டோர் அக்கழகம் கட்டிய வீடுகளில் வாழ்கின்றனர். 1989இல், சீனர், மலாய்க்காரர், இந்தியர் ஆகிய இனத்தார் தனித்தனியே ஒதுங்காமல் கலந்து வாழ ஒவ்வொரு கட்டடத்திற்கும் அளவு வகுத்தனர். 1990இல், மகிழுந்து வாங்குவோர் முன்னதாக உரிமச்சீட்டை ஏலத்தில் எடுத்தல் வேண்டும் என்று கட்டுப்படுத்தினர். 2013இல், தொடர்வண்டி நிலையங்களைச் சூழ 400 மீட்டர்வரை கூரையிட்ட நடைபாதை அமைக்கத் தொடங்கி, 2018க்குள் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் நீளத்திற்கு அமைத்தனர். ஓட்டுநரில்லா வாடகை ஊர்தியை அங்குத் தெருவில் விட்டு ஆய்ந்தது 2016இல். வரிசையைக் கருதுக: நிலம், வீடு, கலந்து வாழ்தல், பொதுப் போக்குவரவு, நிழல், இவற்றின்பின் அல்லது இவற்றோடுதான் ஓட்டுநரில்லா ஊர்தி. சிங்கப்பூரின் ஆட்சிமுறை முழுதையும் ஏற்க வேண்டுவதில்லை. இவ்வரிசையை ஏற்றால் போதும்.

உச்சி வெயிலும் மூன்று சென்டு நிலமும்

நிழலைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் குளிர்நாட்டு நூல்களைப் பார்த்து எழுதுகின்றனர். இராசபாளையமும் திருவில்லிபுத்தூரும் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ ஒன்பதரைப் பாகையில் உள்ளன. சித்திரைத் தொடக்கத்திலும் ஆவணியிலும் கதிரவன் நண்பகலில் நேர் உச்சியில் நிற்பான். அப்பொழுது எத்துணை உயர்ந்த சுவரும் தெருவிற்கு நிழல் தாராது. காலை, மாலை வெயிலைச் சுவர் மறைக்கும். உச்சி வெயிலை மறைக்க மேலே ஏதேனும் ஒன்று கவிந்திருத்தல் வேண்டும். அது தாழ்வாரமாகலாம், பந்தலாகலாம். எல்லாவற்றினும் சிறந்தது மரம். வேம்பும் புங்கும் பூவரசும் இம்மண்ணுக்குரியவை. மரம் நிழலும் தரும். இலைவழி நீரை ஆவியாக்கிக் காற்றையும் குளிர்விக்கும். தார்ச்சாலையோ, காற்று 40 பாகையாக இருக்கும்பொழுது தான் 60 பாகைவரை காய்ந்து, இரவெல்லாம் அவ்வெப்பத்தை உமிழும்.

பேருந்து நிறுத்தத்திற்கு 400 மீட்டர் நடக்கலாம் என்பது உலக வழக்கு. ஐந்து நிமைய நடை அது. குளிர்நாட்டில் அது நடை. இங்குப் பங்குனி, சித்திரை நண்பகலில், கருவுற்ற பெண்ணுக்கும் கைத்தடி ஊன்றிய முதியவர்க்கும் அது தண்டனை. ஆகலின் இவ்வூர்களில் நடைத்தொலைவை மீட்டரால் மட்டும் அளத்தல் போதாது; நிழலாலும் அளத்தல் வேண்டும். நிறுத்தம் 300 மீட்டருக்குள் இருத்தல் வேண்டும். அவ்வழி முழுதும் நிழல் கவிந்திருத்தல் வேண்டும். அத்தகு வழி இல்லாவிடில், வாயில்வரை வந்து ஏற்றிச்செல்லும் ஊர்தியைத் தேடுவர். அதற்குக் காசுள்ளவர் ஏறுவர், இல்லாதவர் வெயிலில் நிற்பர்.

அடுத்தது நிலம். ஒரு மகிழுந்து நிற்க இரண்டரை மீட்டர் அகலமும் ஐந்து மீட்டர் நீளமும் வேண்டும். அஃதாவது பன்னிரண்டரைச் சதுர மீட்டர். அது உள்ளே வந்து திரும்பிச் செல்ல, ஏறத்தாழ மற்றுமோர் அத்துணை இடம் வேண்டும். நடுவணரசின் வீட்டுத் திட்டத்தில் நலிந்த பிரிவினர்க்குரிய வீட்டின் உள்ளளவு 30 சதுர மீட்டர். இரண்டு மகிழுந்து நின்று திரும்பும் இடம், ஓர் ஏழைக் குடும்பம் உண்டு உறங்கி வாழும் இடத்தை விஞ்சுகின்றது! பகிர்ந்து பயன்படுத்தும் ஊர்தியின் உண்மையான பயன் இங்குத்தான் உள்ளது. அது நாள் முழுதும் ஓடுவது. ஆகவே நிற்க இடம் கேளாதது. அவ்வாறு மிஞ்சும் நிலத்தை மீண்டும் மனைவணிகரின் ஆதாயத்திற்கே விட்டுவிடுவதா, ஏழையின் வீட்டிற்கும் மரத்திற்கும் ஆக்குவதா என்பதே வினா. பெரிய மனைப்பிரிவுகளில், சாலை நீங்கலான நிலத்தில் 10 விழுக்காட்டைப் பொதுத் திறந்தவெளிக்கு ஒதுக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டில் விதி. அத்திறந்தவெளி, விற்க இயலாத மூலைமுடுக்கில் முள் மண்டிக் கிடத்தலாகாது. நிறுத்தத்தையும் நடைவழியையும் ஒட்டி நிழற்சோலையாக நிற்றல் வேண்டும். சிறுமனைகளும் நிறுத்தத்திற்கு அருகில் அமைதல் வேண்டும். சொந்த ஊர்தி உள்ளவர் சற்றுத் தள்ளியிருந்தாலும் வந்துவிடுவர். இல்லாதவர்க்குத்தான் அண்மை வேண்டும். இன்று நடப்பதோ இதற்கு நேர்மாறு.

ஊர்தி யாருடையது? எம்மொழியிற் பேசுவது?

முச்சக்கர ஊர்திக்குத் தனித்தமிழ் அறிஞர் தானி எனப் பெயரிட்டனர். தானே இயங்குவது என்பது பொருள். ஆயினும் அதனை இன்றும் இயக்குபவர் ஓட்டுநரே. இராசபாளையத்திலும் திருவில்லிபுத்தூரிலும் பலரை ஏற்றிக்கொண்டு ஓடும் பங்குத் தானிகள்தாம் ஏழையின் பகிர்வு ஊர்தி. புதிய ஊர்தி மெய்யாகவே தானே ஓடுமாயின், அதனைத் தானோடி என்னலாம். தானோடி வந்தால் தானி ஓட்டுநர் என்னாவர்?

ஓட்டுநர் வேலையைப் பறிக்கும் ஊர்தியை இந்தியாவிற்குள் விடமாட்டோம் என நடுவண் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி 2017இல் கூறினார். பரிவு நன்று, ஆனால் தடை என்றும் நிற்காது. தில்லியில் 2020 திசம்பரில் ஓட்டுநரில்லாத் தொடர்வண்டி ஓடத் தொடங்கிவிட்டது. அதனை எவரும் வெறுக்கவில்லை. ஏனெனில் அது பொதுவுடைமை, குறைந்த கட்டணத்தில் எல்லாரும் ஏறுவது. ஆகவே ஓட்டுநர் இருப்பதும் இல்லாததும் பெரிய வேறுபாடன்று. உடைமை யாருடையது என்பதே பெரிய வேறுபாடு. தமிழகத்தில் 1972இல் பேருந்துகள் நாட்டுடைமையாயின; 1997இல் பேருந்து புகாத சிற்றூர்களுக்குச் சிற்றுந்துத் திட்டம் வந்தது; 2021 மே முதல் நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிச் செல்கின்றனர். அரை நூற்றாண்டுக் காலம் கட்டியெழுப்பிய இப்பொதுவுரிமையை, எங்கோ இருக்கும் ஒரு தனியார் நிறுவனத்தின் தானோடிக்கு விட்டுக்கொடுத்தல் கூடாது. நகராட்சியோ, அரசுப் போக்குவரத்துக் கழகமோ, இன்றைய தானி ஓட்டுநர்கள் சேர்ந்த கூட்டுறவோதான் அதன் உடைமையாளராதல் வேண்டும். வண்டியை ஓட்டியவரே வண்டியின் பங்காளியாகட்டும். கோலமிட்ட வாயிலும், ஆட்டுக் கூட்டமும், குறுக்கே ஓடும் குழந்தையும் நிறைந்த தெருவில் ஊர்தி எப்படி ஒதுங்கிச் செல்ல வேண்டும் என்பதைக் கணிப்பொறிக்குக் கற்பிக்கத்தக்க ஆசிரியரும் அவரே.

மொழியும் இங்கு ஒரு நயன்மைச் சிக்கலே. கைப்பேசிச் செயலியில் ஆங்கில எழுத்துகளைத் தட்டினால்தான் ஊர்தி வருமெனின், சத்திரப்பட்டி நெசவாளியின் தாய்க்கு அது வாராத ஊர்தியே. நிறுத்தத்தில் ஒரு பொத்தான். தமிழிற் சொன்னால் கேட்கும் செவி. தமிழிற் பதில் கூறும் குரல். கைப்பேசி இல்லார்க்கும் சில்லறைக் காசிற்கும் இடம். இவை இல்லாத ஊர்தி, எத்துணை விலையுடையதாயினும், சேரியை மீண்டும் ஊர்க்கு வெளியே நிறுத்தும் ஊர்தியே ஆகும்.

'நடுவே பேருந்தே போதவில்லை. தானோடியைப் பற்றிப் பேசுவது வீண்' எனச் சிலர் கூறலாம். அவர் கூற்றிலும் உண்மை உண்டு. ஆனால் இங்குச் சொல்லப்பட்ட எதுவும் தானோடியை எதிர்பார்த்துக் காத்திருப்பதன்று. நிழல்வழியும் அருகில் நிறுத்தமும் ஏழைக்கு அண்மையில் மனையும் அமைந்த தெருவில் நாளையே சிற்றுந்து ஓடலாம், பங்குத் தானி ஓடலாம், மிதிவண்டி ஓடலாம். பிறிதொரு நாள் தானோடி வந்தால் அதுவும் ஓடலாம், வாராதொழியினும் இழப்பில்லை. நிழலில்லாத் தெருவில் எவ்வூர்தி ஓடினும் ஏழைக்கு விடிவில்லை.

ஆகவே, இரு நகராட்சி உறுப்பினரும், இடையிலுள்ள ஊராட்சியாரும், நகர் ஊரமைப்பு அலுவலரும், மனை வாங்கப் போவோரும் ஒவ்வொரு மனைப்பிரிவின் வரைபடத்தையும் கையிலெடுத்து நான்கு வினாக்களை எழுப்புக. பொது ஊர்தியின் நிறுத்தம் எங்கே? அதற்குச் செல்லும் வழியில் நிழல் எங்கே? ஏழையின் மனை எங்கே? ஊர்தி யாருடையது? இந்நான்கிற்கும் விடையில்லாத வரைபடத்திற்கு ஒப்புதல் இல்லை என்னும் துணிவு இவ்விரண்டு ஊர்களில் பிறக்குமாயின், தமிழகத்தின் பிற ஊர்கள் பின்பற்றும். ஊரவையிலும் நகர்மன்றத்திலும் இவ்வினாக்கள் ஒலிக்க வேண்டும். தேர்வடத்தைத் தொடவும் ஒரு சாரார்க்கு உரிமை மறுத்த காலம் ஒழிந்தது. தெருநிழலை மறுக்கும் காலமும் ஒழிக!